சர்ஃபேஸ் இடைவெளி: டாலரன்ஸைக் கூட்டி மூடுவதற்கு முன்

கேள்வி இதுதான்: கடலூர் முதுநகரில் 28 அடி ஃபைபர் படகு ஒன்றுக்கு பிளக் (மோல்டு எடுப்பதற்கான முழு அளவு மாதிரி) செய்ய வேண்டும். வடிவமைத்தவர் ரைனோ என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் வரைந்து, ஐஜிஇஎஸ் (மென்பொருள்களுக்கிடையே வடிவங்களைக் கொண்டுசெல்லும் வகை) கோப்பாக அனுப்பியிருக்கிறார். சாலிட்வொர்க்ஸ் என்ற இன்னொரு வரைவு மென்பொருளில் திறந்தால், முகங்கள் (சர்ஃபேஸ்) சேரும் ஓரங்களில் 17 கேப் (இடைவெளி) காட்டுகிறது. அதன் பழுது தேடும் கருவியான இம்போர்ட் டயக்னாஸ்டிக்ஸில் ‘ஹீல் ஆல்’ கொடுத்த பிறகும் 6 மிச்சம்: ஏராவில் (அடியின் நடுக்கோட்டில்) இரண்டு, அடியும் பக்கமும் சேரும் சைன் மடிப்பில் இரண்டு, அணியத்தில் (முன்முனையில்) ஒன்று, பின்பலகையின் மூலையில் ஒன்று. முகங்களைத் தைக்கும் ‘நிட்’ கட்டளையில் டாலரன்ஸை (ஏற்கும் பிசகின் அளவை) கூட்டினால் எல்லாம் மூடிக்கொள்கிறது. ஆனால் உள்பக்கம் 8 மி.மீ. ஆஃப்செட் (முகங்களைச் சம தூரம் நகர்த்துவது) கொடுத்தால் தோற்கிறது. சேதராப்பட்டில் ரௌட்டர் (கணினி வழி செதுக்கும் இயந்திரம்) வைத்திருப்பவர் சாலிட் (இடைவெளியின்றி மூடிய திட உடல்) கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

டாலரன்ஸைக் கூட்டியதும் கேப் மூடிக்கொண்டது என்கிறீர்கள். அது மூடவில்லை. இரண்டு ஓரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ‘இந்த ஓரத்தில் இவ்வளவு தூரம் விலகியிருந்தாலும் ஒன்றாகவே எண்ணிக்கொள்’ என்று மென்பொருளுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். சாலிட்வொர்க்ஸுக்கு அடியில் இருக்கும் பாராசாலிட் கெர்னல் (வடிவக் கணக்குகளைப் போடும் உள்நிரல்), அந்த ஓரத்துக்கு மட்டும் தனியாக ஒரு தளர்வான டாலரன்ஸை எழுதிவைத்துக்கொள்ளும். எவாலுவேட் பகுதியில் ‘செக்’ கருவியைத் திறந்து ‘மேக்சிமம் எட்ஜ் கேப்’ என்பதை டிக் செய்து ஓட்டுங்கள். மூடியதாக நினைத்த ஓரத்தில் 0.06, 0.08 என்று எண் நிற்கும். ஆஃப்செட் கொடுக்கும்போது இரண்டு முகங்களும் தனித்தனியே உள்ளே நகரும். அவை புதிதாக எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று கெர்னல் தேடும். முதலிலேயே சரியாகத் தொடாத முகங்கள் நகர்ந்த பிறகு தொடும் என்று எதிர்பார்க்க முடியாது.

சிறிய கேப் இருப்பது யாருடைய தவறும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வளைந்த சர்ஃபேஸ்கள் வெட்டிக்கொள்ளும் கோட்டைத் துல்லியமாக எழுதவே முடியாது. வழக்கமான பைக்யூபிக் பேட்ச்கள் (இரு திசையிலும் டிகிரி 3 உள்ள முகத்துண்டுகள்) இரண்டு வெட்டினால் வரும் கோட்டின் கணித டிகிரி 324 வரை போகும். அதை எந்த மென்பொருளும் அப்படியே சேமிப்பதில்லை. டிகிரி 3 உள்ள ஒரு வளைகோட்டைக் கொண்டு, தனக்குக் கொடுத்த டாலரன்ஸுக்குள் ஒப்பேற்றிவிடும். ஆகவே டிரிம் செய்த (வெட்டிய) ஓரம் ஒவ்வொன்றும் தோராயம்தான். அந்தத் தோராயம் எவ்வளவு என்பதில்தான் இரண்டு மென்பொருள்களுக்கும் தகராறு. ரைனோவில் பெரிய பொருள்களுக்கான மில்லிமீட்டர் டெம்ப்ளேட்டின் டாலரன்ஸ் 0.01 மி.மீ. பாராசாலிட்டின் அடிப்படைத் துல்லியம் 0.00001 மி.மீ. ஆயிரம் மடங்கு வித்தியாசம். அங்கே ஒட்டியிருந்தது இங்கே பிரிந்து தெரிவது இதனால்தான். வரைந்து முடித்த பிறகு ரைனோவில் டாலரன்ஸை 0.001 ஆக்கினாலும் பழைய டிரிம்கள் தாமாகத் திருந்தாது. புதிதாகச் செய்பவற்றுக்கே அது பொருந்தும்.

எனவே பழுது பார்க்க உட்காரும் முன் கோப்பை மறுபடி கேளுங்கள். ஐஜிஇஎஸ் பெரும்பாலும் முகங்களை உதிரியாகத்தான் கொண்டுவரும். எந்த ஓரம் எதோடு ஒட்டியது என்ற தகவல் வழியிலேயே விழுந்துவிடும். ஸ்டெப் கோப்பில் அந்த ஒட்டு விவரம் சேர்ந்தே வரும். ரைனோவிலிருந்து பாராசாலிட் வடிவத்திலும் அனுப்பலாம். இதை மாற்றினாலே பாதி கேப் காணாமல் போவது சாதாரணம். வேறு கோப்பு கிடைக்காது என்றால் ஐஜிஇஎஸ் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் 73ஆவது இடத்தில் ஓர் எழுத்து இருக்கும். அது ‘ஜி’ ஆக இருக்கும் வரிகள்தான் பொதுத் தகவல். அதில் 14ஆவது மதிப்பு அலகு: 1 என்றால் அங்குலம், 2 என்றால் மில்லிமீட்டர். 19ஆவது மதிப்பு, வரைந்தவர் நினைத்த மிகச் சிறிய அளவு. அங்கே 0.01 என்று இருந்தால், 0.01க்குக் கீழே உள்ள கேப்களைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதில் பொருளில்லை. வரைந்தவரே அந்த அளவுக்குத் துல்லியம் தரவில்லை. 28 அடி என்பது கிட்டத்தட்ட 8534 மி.மீ. திறந்ததும் நீளம் 336 என்று வந்தால் அங்குல எண்ணை மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டிருக்கிறது. இதைத் திருத்தாமல் கேப் அளந்தால் எல்லாமே 25.4 மடங்கு பிசகும்.

இம்போர்ட் டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டும் நேரம் முக்கியம். கோப்பைத் திறந்த உடனே ஓட்ட வேண்டும். அதன் மேல் ஒரு ஃபீச்சர் (புதிய வடிவச் செயல்) சேர்த்துவிட்டால் பிறகு அந்த வாய்ப்பு கிடைக்காது. முதலில் பழுதான முகங்கள், அப்புறம் கேப். அதற்கும் முன்னால் இரட்டை முகம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே முகம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை கிடந்தால், ஓர் ஓரத்தில் மூன்று முகங்கள் சேர்வதாகக் கணக்கு வரும், நிட் மறுக்கும். ரைனோ கையில் இருந்தால் ‘செல்டப்’ கட்டளை அவற்றைப் பிடித்துக் கொடுக்கும். இல்லாவிட்டால் சந்தேகப்படும் முகத்தை மறைத்துப் பாருங்கள். மறைத்த பிறகும் அங்கே முகம் தெரிந்தால் அடியில் இன்னொன்று இருக்கிறது.

இனி மிச்சமுள்ள ஆறு. ஒவ்வொன்றையும் அளக்காமல் கை வைக்காதீர்கள். நிட் கட்டளையில் ‘கேப் கன்ட்ரோல்’ என்பதைத் திறந்தால் எந்த ஓரத்தில் எவ்வளவு என்று பட்டியல் வரும். 0.01 மி.மீ.க்குக் கீழ் என்றால் டாலரன்ஸோடு தைத்துவிடுங்கள், குற்றமில்லை. 0.01க்கும் 0.1க்கும் நடுவில் என்றால் டிரிம் கோடு சரியில்லை. மறுபடி டிரிம் செய்ய வேண்டும். அதற்கும் மேல் போனால் அந்த இரண்டு முகங்களும் ஒரே கோட்டிலிருந்து வரையப்படவே இல்லை. அதை ஒட்டுப் போட்டு மறைப்பதில் பயனில்லை, ஓரத்தைத் திரும்ப அமைக்க வேண்டும். ஃபைபர் பிளக்குக்கு இந்த எல்லைகள் போதும். எப்படியும் பட்டி பார்த்து உப்புத்தாள் போடப் போகிறார்கள். பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டு என்றால் கதை வேறு. நைலான் போல நீர்த்து ஓடும் பிளாஸ்டிக் 0.02 மி.மீ. இடுக்கிலும் பிசிறாக வழியும். அங்கே மோல்டின் பாதிகள் சேரும் பார்ட்டிங் லைனில் இந்தத் தாராளம் ஆகாது.

ஏராவில் இருக்கும் இரண்டும் அனேகமாக ஒரே நோய். படகின் ஒரு பாதியை வரைந்து மிரர் செய்திருப்பார்கள். நடு ஓரம் நடுத்தளத்தில் சரியாக உட்காராமல் 0.02 விலகியிருந்தால், மிரர் செய்ததும் 0.04 ஆகத் தெரியும். கேப் அளவை இரண்டால் வகுத்துப் பாருங்கள். ஏராவின் நீளம் முழுக்க ஏறக்குறைய ஒரே எண் வந்தால் சந்தேகமே இல்லை. ஒரு பாதியை முழுவதுமாக அழித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் பாதியின் நடு ஓரத்தை ‘எக்ஸ்டென்ட் சர்ஃபேஸ்’ கொண்டு 5 மி.மீ. நடுத்தளத்தைத் தாண்டி நீட்டுங்கள். பிறகு நடுத்தளத்தையே கத்தியாக வைத்து டிரிம் செய்யுங்கள். இப்போது ஓரம் தளத்தின் மேலேயே இருக்கும். மிரரை இப்போது செய்ய வேண்டாம், கடைசியில் செய்யலாம். ரைனோவில் செய்பவர்கள், ஓரத்தின் கன்ட்ரோல் பாயின்ட் (வளைவைப் பிடித்திருக்கும் புள்ளி) வரிசையைத் தேர்ந்து ‘செட்பாயின்ட்’ கொண்டு ஒய் மதிப்பை (பக்கவாட்டு அளவை) பூஜ்யமாக்கினால் போதும், நீட்டி வெட்டத் தேவையில்லை. இதற்கு அந்த ஓரம் டிரிம் ஆகாத இயல்பான ஓரமாக இருக்க வேண்டும்.

நீட்டும்போது இரண்டு வழி கேட்கும்: ‘சேம் சர்ஃபேஸ்’, ‘லீனியர்’. முதலாவது அதே வளைவைத் தொடரும். 5 மி.மீ. வரை அது நல்லது. 50 மி.மீ. நீட்டினால் சில சர்ஃபேஸ்கள் வாழை இலைபோல் சுருண்டுகொள்ளும். நீளம் அதிகம் தேவைப்பட்டால் லீனியர் போடுங்கள்.

சைன் மடிப்பில் இருப்பதுதான் இந்தக் கோப்பின் கஷ்டமான இடம். பின்பலகைப் பக்கம் மடிப்பு கூர்மையாக இருக்கும். அணியத்தை நோக்கிப் போகப் போக மங்கிக் கடைசியில் வழவழப்பாகிவிடும். கூர்மையான பகுதியில் வேலை சுலபம். ‘அன்டிரிம்’ கொடுத்துப் பழைய வெட்டை நீக்குங்கள், இரண்டு முகங்களையும் 3 முதல் 5 மி.மீ. ஒன்றையொன்று தாண்டும்படி நீட்டுங்கள், ‘மியூச்சுவல் டிரிம்’ கொடுங்கள். ஒரே வெட்டில் பிறந்த ஓரத்தை இரண்டு முகங்களும் பகிர்ந்துகொள்ளும்.

மங்கும் பகுதியில் இதையே செய்தால் கெட்டுப்போகும். காரணத்தைக் கணக்காகப் பாருங்கள். இரண்டு முகங்கள் ஒரு கோணத்தில் வெட்டும்போது, ஒரு முகம் இம்மியளவு மேலே கீழே போனால் வெட்டுக்கோடு பக்கவாட்டில் எவ்வளவு நகரும்? அந்தப் பிசகைக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுக்க வேண்டும். (படகின் சைன் வேறு, இது முக்கோணவியல் சைன்.) 30 டிகிரியில் 0.01 பிசகு 0.02 ஆகும். 1 டிகிரியில் அதே 0.01, 0.57 மி.மீ. ஆகிவிடும். அதனால்தான் மங்கும் மடிப்புகளில் டிரிம் கோடு பாம்பு நெளிவதுபோல் வருகிறது. கோணம் ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வெட்டிச் சேர்க்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மடிப்புக் கோட்டை ஒரே ஒரு முப்பரிமாண வளைகோடாக வரைந்து, அடிமுகமும் பக்கமுகமும் அந்தக் கோட்டிலிருந்தே தொடங்கும்படி செய்யுங்கள். ரைனோவில் ‘மேட்ச் சர்ஃபேஸ்’, பொசிஷன் மட்டும், ‘ரிஃபைன் மேட்ச்’ டிக் செய்து. இங்கும் மாற்றப்படும் ஓரம் டிரிம் ஆகாததாக இருக்க வேண்டும். சாலிட்வொர்க்ஸில் அந்தக் கோட்டை ஓர் ஓரமாக வைத்து ‘பவுண்டரி சர்ஃபேஸ்’ கொண்டு பக்கமுகத்தைத் திரும்ப எழுப்புவதே வழி. ஒரு மணி நேர வேலை. இடுக்கை அடைக்கும் ‘ஃபில்’ போட்டு மறைத்தால் பத்து நிமிடம். ஆனால் பாலிஷ் போட்ட ஜெல்கோட்டில் (படகின் வெளிப்பூச்சில்) ஒளி விழும்போது அந்த ஒட்டு வரிவரியாகக் காட்டிக்கொடுக்கும்.

முழு நீளமும் வழவழப்பாகச் சேர வேண்டிய இடம் வேறெங்கும் இருந்தால், உதாரணத்துக்கு மேல்விளிம்பு உருண்டு உள்ளே திரும்பும் இடத்தில், கேப்பை மூட வேண்டாம், பெரிதாக்குங்கள். இரண்டு பக்கமும் 20 மி.மீ. வெட்டி எடுத்து, 40 மி.மீ. அகலப் பட்டையாக்கி, டேன்ஜென்ட் (மடிப்பில்லாமல் தொடரும் சேர்க்கை) கொடுத்த பவுண்டரி சர்ஃபேஸால் பாலம் போடுங்கள். 0.05 மி.மீ. இடுக்கில் மென்பொருளால் வளைவு போட முடியாது; 40 மி.மீ.யில் முடியும்.

சைனில் இரண்டாவது கேப்பின் அளவு பூஜ்யம் என்றே காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒரு பக்கம் ஒரே நீள ஓரம், எதிர்ப்பக்கம் மூன்று துண்டு ஓரம் என்று இருக்கும். கோடு ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினாலும் முனைகள் பொருந்தாது. தையல்காரர் பொத்தானையும் காஜாவையும் எண்ணிக்கை மாற்றி வைத்ததுபோல. நீள ஓரத்தை அந்த இரண்டு முனைகளிலும் ‘ஸ்ப்ளிட் எட்ஜ்’ செய்தால் தீர்ந்தது. ரைனோவில் எதிர்ப்பக்கத் துண்டுகளை ‘மெர்ஜ் எட்ஜ்’ செய்தும் சரிசெய்யலாம். முனை மட்டும் தவறிய கேப்களுக்கு இம்போர்ட் டயக்னாஸ்டிக்ஸில் உள்ள ‘கேப் க்ளோசர்’ கைப்பிடியை இழுத்தும் பொருத்தலாம். அந்தக் கருவியை இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அணியத்தில் பக்கமுகம் கூராக ஒரே புள்ளியில் முடிந்திருக்கும். மூன்று ஓர முகம் என்று பெயர். உண்மையில் நான்காவது ஓரத்தின் நீளம் பூஜ்யம். அந்தப் புள்ளியில் எந்தத் திசை ‘வெளியே’ என்று கணக்குக்குத் தெரியாது. ஆஃப்செட் முதலில் உடைவது இங்கேதான். நுனியிலிருந்து 60 மி.மீ. வெட்டி எறியுங்கள். மிச்சமுள்ள வெட்டு ஓரம், மேல்விளிம்பு, நடுத்தளத்தில் உள்ள அணியக் கோடு, கீழ் ஓரம் என்று நான்கு ஓரங்கள் கிடைக்கும். அவற்றுக்கு நடுவில் பவுண்டரி சர்ஃபேஸ் போடுங்கள்; வெட்டு ஓரத்தில் டேன்ஜென்ட், நடுக்கோட்டில் தளத்துக்குச் செங்குத்து. அணியத்தின் உருட்டு ஆரத்தையும் இப்போதே பாருங்கள். ‘செக்’ கருவியில் ‘மினிமம் ரேடியஸ்’ இருக்கிறது. ஆரம் 5 மி.மீ. ஆக இருந்து 8 மி.மீ. உள்ளே ஆஃப்செட் கேட்டால், கேப்பே இல்லாவிட்டாலும் முகம் தன்னையே மடித்துக்கொண்டு தோற்கும். உங்கள் தோல்விக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சொல்லப்போனால் பிளக்குக்கு இந்த 8 மி.மீ. ஆஃப்செட் தேவையே இல்லை. பிளக்கின் வெளிமுகம்தான் படகின் வெளிமுகம். ஃபைபர் மேட்டும் ரெசினும் அடுக்கும் தடிமன் மோல்டுக்குள்ளிருந்து உள்நோக்கி வளரும். ஃபோமை வெட்டி அதன் மேல் டூலிங் பேஸ்ட் பூசுவதானால், அந்தப் பேஸ்ட்டின் தடிமனுக்கு மட்டும் உள்ளே ஆஃப்செட் வேண்டும். இருந்தாலும் ஆஃப்செட்டைச் சோதனையாக ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒளிந்திருக்கும் பிசகை வெளியே இழுத்துவிடும்.

பின்பலகை மூலையில் இருப்பது 2, 3 மி.மீ. முக்கோண ஓட்டையாக இருக்கும். அடி, பக்கம், பின்பலகை மூன்றையும் தனித்தனியே வெட்டியதால் மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சேரவில்லை. இதில் குட்டி முக்கோணப் பேட்ச் வைத்து அடைக்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். வேண்டாம். பின்பலகையை அழியுங்கள். அடியையும் பக்கத்தையும் பின்னால் 20 மி.மீ. நீட்டி முதலில் அவற்றைத் தைத்துவிடுங்கள். பிறகு பின்பலகையின் தளத்தால் தைத்த உடலை ஒரே வெட்டாக வெட்டுங்கள். மூலைப்புள்ளி ஒன்றே ஒன்றுதான் பிறக்கும். அந்த ஓரங்களுக்கு நடுவே தட்டையான ‘பிளேனர் சர்ஃபேஸ்’ போட்டால் பின்பலகை தயார்.

தைக்கும் வரிசை: எல்லா முகங்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து நிட் கொடுக்காதீர்கள், எது தகராறு செய்கிறது என்றே தெரியாது. இரண்டிரண்டாகத் தையுங்கள், டாலரன்ஸ் 0.001இல் தொடங்கி. ஒரு ஜோடி 0.01இலும் சேரவில்லை என்றால் அங்கே நின்று அந்த ஓரத்துக்கு மேலே சொன்ன வைத்தியத்தைப் பாருங்கள். பாதி உடல் முடிந்த பிறகு மிரர், பிறகு இரண்டு பாதிகளையும் தைப்பது, கடைசியாக மேல்பக்கத்தை ஒரு முகத்தால் மூடி, நிட்டில் ‘கிரியேட் சாலிட்’ (பழைய பதிப்புகளில் ‘ட்ரை டு ஃபார்ம் சாலிட்’).

ரைனோவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘ஜாயின் எட்ஜ்’ எந்த அளவு கேப்பையும் கேள்வி கேட்காமல் ஒட்டும். ஆனால் முகத்தை நகர்த்தாது. ‘ஷோ எட்ஜஸ்’ சுத்தம் என்று சொல்லும், அனுப்பிய இடத்தில் திரும்பவும் பிளந்துகொள்ளும். யாரோ அப்படிச் செய்திருக்கிறார்களோ என்று சந்தேகம் வந்தால், எக்ஸ்ப்ளோட் செய்து ‘ரீபில்ட் எட்ஜஸ்’ ஓட்டி, சாதாரண ஜாயின் மட்டும் கொடுத்துப் பாருங்கள். உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

சாலிட்வொர்க்ஸ் உரிமம் இல்லாதவர்கள் ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில் இதே வேலையைச் செய்யலாம். பார்ட் வொர்க்பெஞ்சில் ‘செக் ஜியோமெட்ரி’ பிசகுகளைக் காட்டும். பைத்தான் கன்சோலில் ‘சியூஷேப்’ தைக்கும். ‘ஷேப் பில்டர்’ தைத்த ஷெல்லைச் சாலிட் ஆக்கும். அடியில் உள்ள ஓப்பன் கேஸ்கேட் கெர்னலின் இயல்புத் துல்லியம் 10⁻⁷, ரொம்பக் கறார். முகத்தை நீட்டுவதற்கான கருவி சர்ஃபேஸ் வொர்க்பெஞ்சில் உண்டு, ஆனால் கை வசப்பட நாளாகும்.

சாலிட் ஆனதும் நான்கு சோதனை. ‘செக்’ கருவியில் மேக்சிமம் எட்ஜ் கேப் 0.01க்குள் வர வேண்டும். முழு உடலின் கன அளவு, அதை நடுத்தளத்தில் வெட்டினால் வரும் பாதியின் கன அளவைப்போல் சரியாக இரண்டு மடங்கா என்று பாருங்கள். 500 மி.மீ.க்கு ஒன்றாகக் குறுக்குவெட்டு எடுத்தால் ஒவ்வொன்றும் மூடிய வளையமாக வர வேண்டும். பிறகு ஸ்டெப்பாகச் சேமித்து, புதிதாகத் திறந்து மறுபடி டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டுங்கள். உங்கள் கணினியில் மட்டும் சுத்தமாக இருக்கும் கோப்பால் ரௌட்டர்காரருக்குப் பயனில்லை.

அவர் சாலிட் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 8.5 மீட்டர் படகு ஒரே படுக்கையில் அடங்கும் ரௌட்டர் அரிது. பிளக்கைக் குறுக்கே துண்டுகளாகப் பிரித்துத்தான் வெட்டுவார்கள், பிரிப்பதற்குச் சாலிட் இருந்தால்தான் வெட்டுமுகம் தானாக வரும். படுக்கையின் அளவைக் கேட்டு, எங்கே பிரிக்கலாம் என்று நீங்களே குறித்துக் கொடுங்கள். பிரிக்கும் தளம் நீங்கள் பழுது பார்த்த குறுக்கு ஓரங்களிலிருந்து குறைந்தது 100 மி.மீ. தள்ளி இருக்கட்டும். முக்கியமாக அணியத்தில் வைத்த புதிய பேட்ச்சின் ஓரத்துக்கு மேலேயே கத்தி விழக்கூடாது. அங்கே துண்டுகளைச் சேர்க்கும் பசையும் பட்டியும், கஷ்டப்பட்டு எடுத்த வழவழப்பைக் கெடுத்துவிடும்.